‘கொலைகாரர்கள் நம்மிடையே’ (1946): துணிச்சலா, தப்பித்தலா?

திரைத்தூசி:
போருக்குப் பிறகு ஜெர்மனியில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் என்று வோல்ஃப்காங் ஸ்டௌட்டேயின் ‘கொலைகாரர்கள் நம்மிடையே’ படத்தை ஆளாளுக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும் மரியாதையோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். எழுந்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 1945, இடிபாடுகளாகக் கிடக்கும் பெர்லின். வதைமுகாமிலிருந்து சுசானே என்ற இளம்பெண் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே மெர்ட்டன்ஸ் என்பவர் குடியேறியிருக்கிறார். ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், இப்போது ரத்தத்தைக் கண்டாலே ஒடுங்கிப்போகிறவர், பகலிலேயே குடிக்கிறவர். வேறு வழியின்றி இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள், காதலும் அரும்புகிறது. செத்துவிட்டதாக மெர்ட்டன்ஸ் நம்பிக்கொண்டிருந்த ப்ரூக்னர் என்ற கேப்டன் உயிரோடு, அதுவும் செழிப்பாக இருப்பது தெரியவருகிறது. 1942 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போலந்தில் ஒரு கிராமத்தின் பொதுமக்களைச் சுட்டுத் தள்ள ஆணையிட்டவர் இந்த ப்ரூக்னர். மூன்று ஆண்டு கழித்து அதே நாளில் அவரைச் சுட்டுக் கொல்லக் கிளம்புகிறார் மெர்ட்டன்ஸ். சுசானே ஓடி வந்து தடுக்கிறாள். தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை, ஆனால் குற்றம் சாட்டியாக வேண்டும் என்று படம் முடிகிறது.

என் கேள்வி எளிமையானது. இது யாருடைய வலியைப் பற்றிய படம்? முகாமிலிருந்து மீண்டவள் ரயிலைவிட்டு இறங்கும்போதே முகம் துடைத்துவைத்தது போல மின்னுகிறது. அவள் ஏன் முகாமுக்குப் போனாள், அங்கே என்ன அனுபவித்தாள் என்பதைப் படம் தெளிவாகச் சொல்வதே இல்லை. வந்ததும் வீட்டைப் பெருக்குகிறாள், சமைக்கிறாள், அந்த மனிதனின் மனக்காயத்துக்கு மருந்து போடுகிறாள். சீருடையில் நின்று படுகொலையைப் பார்த்தவனுக்கு ஒன்றரை மணி நேரம் அனுதாபம். சிறைப்பட்டவளுக்குத் துடைப்பம்! இதைத்தான் மனசாட்சியின் படம் என்கிறீர்களா?

கறுப்பு அங்கி:
அம்மா, கோபம் நியாயமானது. ஆனால் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். படம் முதன்முதலில் திரையிடப்பட்டது 1946 அக்டோபர் 15 மாலை, பெர்லினின் சோவியத் பகுதியில் இருந்த அட்மிரால்ஸ்பாலாஸ்ட் அரங்கில். நாஜித் தலைவர்கள்மீது வழக்கு நடந்த நியூரம்பெர்க் நகரின் சிறையில், அவர்களில் முதன்மையானவனான கோரிங் அன்றிரவுதான் நஞ்சருந்திச் செத்தான். சில மணி நேரத்தில், 16-ஆம் தேதி விடியும் முன், மரணதண்டனை பெற்ற மற்றப் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றம் முழுவதையும் அந்த ஒரு டஜன் பேரின் கணக்கில் எழுதிவிட்டு, மற்றவர்கள் கையைக் கழுவிக்கொள்ளத் தயாராக இருந்த நேரம் அது. அந்த மாலையில் ஒரு ஜெர்மானியர் திரையில் வந்து, ‘கொலைகாரன் தூக்குமேடையில் மட்டும் இல்லை, உன் பக்கத்துத் தெருவில் தொழிற்சாலை நடத்துகிறான்’ என்று சொல்கிறார். துணிச்சல் என்பதற்கு வேறு என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள்?

ப்ரூக்னர் என்ன தொழில் செய்கிறார் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ராணுவ இரும்புத் தொப்பிகளைச் சமையல் பாத்திரங்களாக மாற்றும் தொழில். தொப்பியைப் பாத்திரமாக்கினால் என்ன, பாத்திரத்தைத் தொப்பியாக்கினால் என்ன, சமாளித்துப் பிழைக்கத் தெரிய வேண்டும் என்ற பொருளில் ஒரு வசனம் பேசுகிறார். அடுத்த பதினைந்து ஆண்டுக்கால மேற்கு ஜெர்மனியின் வரலாறு அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

கடைசி வரிசை:
ப்ரூக்னர் பாத்திரத்தில் ஆர்னோ பால்சன் நடித்திருக்கும் விதம்தான் படத்தின் உயிர். வில்லன் என்றதும் நாம் எதிர்பார்க்கும் முறைப்பு, உறுமல் எதுவும் இல்லை. உருண்டை முகம், குடும்பப் பாசம், இரண்டு பிள்ளைகள், பணியாட்களிடம் இனிமை. மெர்ட்டன்ஸைக் கண்டதும் பழைய தோழனைக் கண்ட உண்மையான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி நடிப்பில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவர் சாப்பிடும் காட்சி ஒன்றில் செய்தித்தாளின் தலைப்பை நாம் படிக்க முடிகிறது: இருபது லட்சம் பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள் என்ற ஆஷ்விட்ஸ் வதைமுகாம் செய்தி. அவர் பாட்டுக்கு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கேமரா அதைச் சுட்டிக் காட்டிக் கத்துவதும் இல்லை.

திரைத்தூசி:
கடைசி வரிசை, என் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஆஷ்விட்ஸ் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? ரொட்டி சுற்றிய தாளில். யூதர்களைப் பற்றி நேரடியாக ஒரு கதை இழையும் கிடையாது. கொல்லப்பட்டவர்கள் போலந்து கிராமத்தார், அவர்களுக்கும் பெயர் இல்லை, முகம் இல்லை. ஓர் எண்ணிக்கை மட்டும்தான். முடிவில் பாதிக்கப்பட்டவர்களின் உருவங்கள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும்போது யார் யார் வருகிறார்கள் என்று கவனித்தீர்களா? காயம்பட்ட சிப்பாய்களும் வருகிறார்கள், சிலுவை நட்ட கல்லறைகளும் வருகின்றன. கொன்ற படையின் சிப்பாயும் கொல்லப்பட்ட குழந்தையும் ஒரே பட்டியலில்! ஜெர்மானியப் பார்வையாளன் தன்னையும் பாதிக்கப்பட்டவனாக எண்ணிக்கொண்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போயிருப்பான்.

ஒளிக்கீற்று:
எண்ணிக்கை மட்டும்தான் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அந்தக் காட்சியை நிதானமாகப் பார்ப்போம். ப்ரூக்னர் கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்துக்கொண்டிருக்கிறார். மெர்ட்டன்ஸ் வந்து பெண்களையும் குழந்தைகளையுமாவது விட்டுவிடும்படி கெஞ்சுகிறார். பலிக்கவில்லை. பிறகு அறிக்கை வாசிக்கப்படுகிறது: ஆண்கள் 36, பெண்கள் 54, குழந்தைகள் 31, செலவான தோட்டாக்கள் 347. கொட்டகைக் கணக்குப் பிள்ளை நெல்மூட்டை எண்ணுவது போல. கொலையை ஒரு பதிவேடாக மாற்றிய நிர்வாகத்தை 1946-லேயே இவ்வளவு துல்லியமாக வேறு யார் பிடித்தார்கள்? முகம் இல்லாததைக் குறை என்கிறீர்கள். முகத்தை அழித்ததே அந்த நிர்வாகம்தான் என்று நான் படிக்கிறேன்.

ஒளிப்பதிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃப்ரீடல் பேன்-க்ருண்ட், ஓய்கென் கிளாகெமான் இருவரும் சேர்ந்து செய்தது. சாய்ந்த கோணங்கள், சுவரில் ஆளைவிடப் பெரிதாக வளரும் நிழல்கள், உடைந்த ஜன்னல் சட்டங்களின் குறுக்குக் கோடுகள். 1920-களின் ஜெர்மானிய மௌனப் படங்களின் வாரிசுரிமை அப்படியே தெரிகிறது. கண்ணாடிக்குப் பதிலாக மருத்துவரின் எக்ஸ்ரே படங்கள் ஜன்னலில் அடைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தீர்களா? பகல் வெளிச்சம் வீட்டுக்குள் வருவதே யாரோ ஒருவரின் எலும்புக்கூட்டின் வழியாகத்தான். தெருக்காட்சிகளுக்குப் பெரும்பாலும் அரங்க நிர்மாணம் தேவைப்படவில்லை. தெருவெல்லாம் உண்மையான இடிபாடு.

கரிசல்காட்டான்:
அழகாகச் சொல்கிறீர்கள் தம்பி. அதே பேன்-க்ருண்ட்தான் 1941-இல் ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். கருணைக்கொலைக்குப் பரிவு தேடித் தருவது போலப் பேசி, மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொன்ற நாஜித் திட்டத்துக்குப் பொதுமக்களின் மனத்தைப் பதப்படுத்திய படம் அது. இயக்குநர் ஸ்டௌட்டேயோ 1940-இல் வந்த ‘யூதன் ஸ்யூஸ்’ என்ற யூத வெறுப்புப் படத்தில் சிறு வேடத்தில் தலைகாட்டியவர். மெர்ட்டன்ஸாக நடித்த ஏர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் போர்ஹெர்ட், நாஜிக் கட்சியில் இருந்ததை மறைத்த விவகாரத்தில் சிக்கினார். குற்றவாளியை அடையாளம் காட்டும் படத்தைச் சேர்ந்து எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். தலைப்பு திரைக்குப் பின்னாலும் பொருந்துகிறது!

கறுப்பு அங்கி:
கரிசல்காட்டான் ஐயா, இந்தத் தகவல்களை நீங்கள் படத்துக்கு எதிராக அடுக்குகிறீர்கள். நான் அதே அடுக்கைப் படத்தின் பக்கம் வைக்கிறேன். ‘யூதன் ஸ்யூஸ்’ படத்தை இயக்கிய ஃபைட் ஹார்லான் என்ன செய்தார்? மேலிடத்து நிர்ப்பந்தம் என்று நீதிமன்றத்தில் வாதாடினார், விடுதலை பெற்றார், 1950-களில் மறுபடி படம் எடுத்தார். அதே படத்தில் ஓரமாக நின்ற ஸ்டௌட்டே என்ன செய்தார்? வேடிக்கை பார்த்துவிட்டு உயிரோடு மிஞ்சியவன் இனி எப்படி வாழ்வது என்று கேட்டு ஒரு படம் எடுத்தார். மெர்ட்டன்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? கெஞ்சினான், பலிக்கவில்லை, அதன் பிறகும் அதே படையில் நீடித்தான். அதனால்தான் குடிக்கிறான். புனிதமான கைகளோடு ஒருவர் வந்து இந்தப் படத்தை எடுத்திருந்தால் அது உபதேசமாகியிருக்கும்.

கரிசல்காட்டான்:
வழக்குரைஞர் என்று பெயரிலேயே காட்டிவிட்டீர்கள். சரி, அடுத்த சாட்சிக்கு வருகிறேன். இந்தப் படத்துக்கு உரிமம் கொடுத்தது யார்? சோவியத் ராணுவ நிர்வாகம். தயாரித்தது 1946 மே 17-ஆம் தேதி பாபெல்ஸ்பெர்கில் அவர்கள் உரிமத்தோடு தொடங்கிய டெஃபா நிறுவனம். படம் முழுக்க பெர்லின் தெருக்களில் நடக்கிறது. நான்கு நாட்டுப் படைகள் பங்கிட்டுக்கொண்ட நகரம். ஓர் அந்நியச் சிப்பாயையாவது திரையில் காட்டுங்கள் பார்ப்போம்! ஒருவரும் இல்லை. 1945 வசந்தத்தில் சோவியத் செம்படை பெர்லினுக்குள் நுழைந்தபோது பெண்களுக்கு நேர்ந்த கொடுமை ஊரறிந்தது. தனியாகத் திரும்பி வரும் ஓர் இளம்பெண்ணைக் கதாநாயகியாக வைத்த படத்தில் அதன் சாயலே கிடையாது. திரையிட்ட அதே நாட்களில் ஸாக்ஸன்ஹௌஸன் வதைமுகாம் சோவியத் சிறப்பு முகாமாக இயங்கிக்கொண்டிருந்தது. 1950 வரை சுமார் 60,000 பேரை அடைத்தார்கள், சுமார் 12,000 பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். நீதி பற்றி வகுப்பெடுக்கும் படத்துக்கு அனுமதி முத்திரை குத்திய கை எது என்று கேட்பது தவறா?

ஒளிக்கீற்று:
தவறில்லை. ஆனால் ஸ்டௌட்டே முதலில் கதவைத் தட்டியது மேற்கு நாடுகளிடம்தான். அமெரிக்கத் தரப்பில் திரைப்பட அதிகாரியாக இருந்தவர் பேட்டர் ஃபான் ஐக், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா சென்று, அமெரிக்க ராணுவச் சீருடையில் திரும்பி வந்த நடிகர். (பின்னாளில் ‘அச்சத்தின் கூலி’ படத்தில் நைட்ரோகிளிசரின் லாரி ஓட்டுகிறாரே, அவர்தான்.) ஜெர்மானியர்கள் அடுத்த சில ஆண்டுகளுக்குப் படம் எடுப்பதை மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பியதாக ஸ்டௌட்டே நினைவுகூர்ந்திருக்கிறார். சம்மதித்தவர் சோவியத் பண்பாட்டு அதிகாரி அலெக்ஸாண்டர் டிம்ஷிட்ஸ் ஒருவர்தான். அதுவும் ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனைதான் படத்தின் முடிவு. முதல் கதையின் தலைப்பு ‘நான் கொல்லப்போகும் மனிதன்’. அதில் மெர்ட்டன்ஸ் ப்ரூக்னரைக் கொன்றேவிடுகிறார். போரின் கடைசி நாட்களில் நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆள் ஒருவன் ஸ்டௌட்டேயைத் துப்பாக்கி காட்டி மிரட்டியிருக்கிறான். அந்தக் கோபம்தான் கதைக்கு விதை. டிம்ஷிட்ஸ் மறுத்தார். படம் வெற்றி பெற்றால் ஆளாளுக்குத் தெருவில் இறங்கிச் சுட ஆரம்பித்துவிடுவார்கள், கொலையை மாற்றுங்கள் என்றார். ஸ்டௌட்டே மாற்றினார்.

கரிசல்காட்டான்:
சோவியத் அதிகாரி தனிமனிதப் பழிவாங்கலுக்கு எதிராக அறம் பேசினாராம். கேட்க நன்றாக இருக்கிறது. கொல்லும் உரிமை அரசுக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லையே!

திரைத்தூசி:
அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த முடிவு கலையாகவும் தோற்கிறது. மெர்ட்டன்ஸின் நிழல் ப்ரூக்னர்மேல் விழுந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. அதுவரை நன்று. உடனே சுசானே எங்கிருந்தோ வந்து நிற்கிறாள், ஒரு வாக்கியம் சொல்கிறாள், ஒன்றரை மணி நேரமாக முறுக்கேறிய கோபம் வடிந்துவிடுகிறது. அடுத்த நொடி ப்ரூக்னர் கம்பிகளுக்குப் பின்னால் நின்று நான் நிரபராதி என்று கதறுகிறார். யார் பிடித்தார்கள், எந்த நீதிமன்றம், என்ன சாட்சி? ஒன்றும் இல்லை. ஒட்டுப்போட்ட தையல் வெளியே தெரிகிறது.

அதைவிட அதற்கு முந்தைய காட்சி. கொல்வதற்காக ப்ரூக்னரை இடிபாடுகளுக்குள் அழைத்துப் போகிறார் மெர்ட்டன்ஸ். திடீரென்று ஒரு தாய் ஓடி வருகிறாள், குழந்தை மூச்சுத் திணறிச் சாகக் கிடக்கிறது. கிடைத்த கருவிகளை வைத்து மெர்ட்டன்ஸ் தொண்டையில் அறுவை செய்து காப்பாற்றிவிடுகிறார். ரத்தம் பற்றிய நடுக்கம் போயே போய்விட்டது! 31 குழந்தைகளின் சாவுக்கு ஒரு ஜெர்மானியக் குழந்தையின் உயிர் பரிகாரமா? இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கடைசி வரிசை:
பரிகாரம் என்று படம் சொல்லவில்லை. குழந்தையைக் காப்பாற்றிய பிறகும் அவர் கொல்லத்தானே கிளம்புகிறார்? மனம் குளிர்ந்து மன்னித்துவிட்டால் நீங்கள் சொல்வது சரி. கை நடுங்காமல் ஆன பிறகுதான் துப்பாக்கியை நிதானமாகப் பிடிக்கிறார். எனக்கு அந்தக் காட்சி அப்படித்தான் வேலை செய்தது.

சுசானேவைப் பற்றிய உங்கள் குறையில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. சுசானேவாக நடித்த ஹில்டெகார்ட் க்னேஃபுக்கு அப்போது இருபது வயது. ஒளியூட்டிய விதம் நட்சத்திரத்துக்கானது, முகாமிலிருந்து வந்தவளுக்கானது அல்ல. ஆனால் மோண்ட்ஷைன் கிழவரை ஏன் ஒருவரும் பேசவில்லை? கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் மகனின் கடிதத்துக்காக நாள்தோறும் காத்திருக்கிறார். கடிதம் வருகிறது, அவர் செத்த பிறகு. இதை அழுத்திச் சொல்லி அழவைக்காமல் கடந்து போகிறார் ஸ்டௌட்டே. உங்கள் ஒட்டுத்தையல் குற்றச்சாட்டுக்கு எதிர்ச்சான்று இது.

கறுப்பு அங்கி:
திரைத்தூசி அவர்கள் கேட்ட ‘எந்த நீதிமன்றம்’ என்ற கேள்விக்கு வருகிறேன், என் தொழில் அது. 1946-இல் அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. அமெரிக்கப் பகுதியில் 131 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்து, நீ நாஜியா என்று ஆளாளுக்கு எழுதச் சொன்னார்கள். பாதிரியாரிடமும் பழைய முதலாளியிடமும் நற்சான்று வாங்கிக் குவித்தார்கள். சோப்புத்தூளின் பெயரை வைத்து ‘பெர்சில் சான்றிதழ்’ என்று மக்களே கேலி செய்யும் அளவுக்கு வெளுத்தது. மேற்கு ஜெர்மனி பிறந்த 1949-இலேயே ஒரு பொதுமன்னிப்புச் சட்டம், 1954-இல் இன்னொன்று. சட்டத்தில் கொலையைவிடக் குறைந்த குற்றமான மனிதக்கொலைக்கான வழக்குக் காலவரையறை 1960-இல் முடிந்துபோனது. கொலைக்கான காலவரையறையை நாடாளுமன்றத்தில் பலமுறை சண்டையிட்டு நீட்டித்து, 1979-இல்தான் முற்றாக நீக்கினார்கள்.

நிஜ ப்ரூக்னர் ஒருவரைச் சொல்கிறேன். பெர்ன்ஹார்ட் ஃபிஷர்-ஷ்வேடர், போரின்போது மேமல் நகரக் காவல்துறைத் தலைவர். 1941-இல் லித்துவேனிய எல்லையில் யூதர்களைச் சுட்டுக் கொன்றதில் நேரடிப் பங்கு. போருக்குப் பிறகு உல்ம் நகரருகே அகதிகள் முகாமுக்கே நிர்வாகியாக வேலை பார்த்தார்! பழைய வாழ்க்கை தெரியவந்து வேலை போனதும், அரசுப் பணியைத் திருப்பிக் கொடு என்று அவரே வழக்குப் போட்டார். பத்திரிகையில் அது வரப்போய்த்தான் அடையாளம் தெரிந்தது. 1958-இல் உல்மில் அவரோடு சேர்த்துப் பத்துப் பேர்மீது விசாரணை. ஆயிரக்கணக்கானவர்களின் கொலை. பத்துப் பேரும் வெறும் உடந்தைக் குற்றத்துக்கு மட்டுமே தண்டிக்கப்பட்டார்கள், 3 முதல் 15 ஆண்டு வரை. அதன் பிறகுதான் நாஜிக் குற்றங்களை விசாரிக்க லூட்விக்ஸ்பூர்கில் தனி மையம் ஏற்பட்டது. ஃபிராங்பர்ட்டில் ஆஷ்விட்ஸ் வழக்கு 1963-இல்தான் தொடங்கியது.

தன் குற்றத்தில் குற்றம் இருப்பதாகவே தோன்றாததால்தான் அந்த மனிதர் நீதிமன்றப் படியேறினார். பால்சன் சிரிக்கும் அதே சிரிப்பு. இதை 12 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்ட படத்தைத் தப்பித்தல் என்கிறீர்களா?

திரைத்தூசி:
நீங்கள் சொன்ன ஒவ்வொரு தகவலும் சட்டம் கைவிட்டது என்பதற்கான சான்று. அப்படியானால் ‘சட்டத்திடம் விடு’ என்று முடியும் படம், நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகத் திரையில் காட்டி மக்களை ஆறுதல்படுத்தியிருக்கிறது. கம்பிக்குப் பின்னால் ப்ரூக்னரைப் பார்த்த நிம்மதியோடு எத்தனை ப்ரூக்னர்கள் அரங்கைவிட்டு வெளியே போயிருப்பார்கள்!

கறுப்பு அங்கி:
கம்பிகள் ஒரு கோரிக்கை, செய்தி அறிக்கை இல்லை. கடைசி வசனத்தைக் கேளுங்கள். கோடிக்கணக்கில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் சார்பில் பரிகாரம் கேட்க வேண்டியது நம் கடமை என்கிறார் மெர்ட்டன்ஸ். கிடைத்துவிட்டது என்று சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:
கோரிக்கையைப் பெற்றுக்கொண்டவர்கள் கிழக்கு ஜெர்மனியில் 1950-இல் வால்ட்ஹைம் நகரில் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வாரங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்மீது ‘விசாரணை’. ஆளுக்குச் சில நிமிடம், பெரும்பாலோருக்கு வழக்குரைஞரும் இல்லை. குற்றவாளியும் அப்பாவியும் ஒரே கூடையில். மேற்கு கண்ணை மூடிக்கொண்டது, கிழக்கு கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது.

ஒளிக்கீற்று:
ஸ்டௌட்டே இரண்டு பக்கமும் அடிவாங்கியவர். 1951-இல் டெஃபாவுக்காக எடுத்த ‘அடிவருடி’ (ஹைன்ரிஹ் மான் நாவல்) மேற்கில் 1957 வரை தடை. பிறகு மேற்கில் இருந்துகொண்டே 1959-இல் ‘அரசு வழக்குரைஞருக்கு ரோஜாக்கள்’ எடுத்தார். சாக்லேட் விவகாரத்துக்காக ஒரு சிப்பாய்க்கு மரணதண்டனை வாங்கித்தந்த ராணுவ வழக்குரைஞர், ஜனநாயக ஜெர்மனியில் உயர் அரசு வழக்குரைஞராக உட்கார்ந்திருக்கிறார். தப்பிப் பிழைத்த சிப்பாய் அவர் ஊருக்கே வந்து சேர்கிறான். 1946-இல் ‘சட்டத்திடம் விடு’ என்று முடித்தவர், 13 ஆண்டு கழித்து அந்தச் சட்டத்தின் நாற்காலியில் யார் இருக்கிறார் என்று காட்டுகிறார். திரைத்தூசி அவர்களின் கேள்விக்கு ஸ்டௌட்டேயே கொடுத்த பதில் அது.

திரைத்தூசி:
பதில் என்றால் தாமதமான பதில், அதிலும் சிப்பாய்தான் பலி. போலந்து கிராமத்தார் அங்கேயும் வரப்போவதில்லை. ‘ரோஜாக்கள்’ நகைச்சுவை கலந்த படம் என்று வேறு கேள்விப்பட்டேன். வரும் சனிக்கிழமை பார்க்கிறேன். கறுப்பு அங்கி ஐயா, அந்த வழக்குரைஞர் பாத்திரத்துக்கும் நீங்கள் வக்காலத்து வாங்கப் போகிறீர்களா என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

கறுப்பு அங்கி:
அந்தப் பாத்திரத்தில் நடித்த மார்ட்டின் ஹெல்டின் நடிப்புக்கு வாங்குவேன். மற்றதற்குக் கட்டணம் கட்டுப்படியாகாது.